சிறிய கப்பலில் ஆளில்லாக் கரைகளுக்கு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டுக்கு மேலாகச் சிறிய கப்பல்களில் இயற்கை வழிகாட்டியாகப் போய்வருகிறேன். பதிவு செய்யும் முன் வருகிற கடிதங்களிலும், கப்பலின் சாப்பாட்டு மேசையிலும், ரப்பர் படகுக்கு வரிசையில் நிற்கும்போதும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில் இருக்கின்றன. என்னைத் தூங்கவிடாதவை கடைசிப் பக்கம்.

1. எக்ஸ்பெடிஷன் கப்பல்னு சொல்றாங்களே, சாதாரண சொகுசுக் கப்பலுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் போகும். எக்ஸ்பெடிஷன் கப்பல் துறைமுகமே இல்லாத இடத்துக்குப் போகும். அங்கே படகுத்துறை கிடையாது, சாலை கிடையாது, பல இடங்களில் குடியிருப்பே கிடையாது. கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளி நிற்கும். அங்கிருந்து காற்றடைத்த ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கரைக்குப் போவோம். அந்தப் படகைக் கப்பலில் எல்லோரும் சோடியாக் என்றே சொல்வார்கள்.

இந்த மாதிரிப் பயணத்துக்கு வழி போட்டவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்ற பயண ஏற்பாட்டாளர். 1966இல் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969இல் இதற்கென்றே ஒரு சிறிய கப்பலைக் கட்டினார். நேரில் பார்த்தவர்கள் அந்த இடத்துக்காகப் பேசுவார்கள் என்று நம்பினார். அந்தக் கப்பலுக்கு என்ன ஆனது என்பது கேள்வி 12இல் வரும். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பது கேள்வி 17இல்.

2. சின்னக் கப்பல்னா எத்தனை பேர் போற கப்பல்?

இடத்தைப் பொறுத்தது. கலாபகஸ் தீவுகளில் ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. அங்கே ஓடுகிற பல படகுகளில் பதினாறு, இருபது பேர்தான் இருப்பார்கள். 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது பூங்காவின் கணக்கு. வட துருவத்துக்கு அருகே உள்ள ஸ்வால்பார்டில், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் நுழையும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2025 ஜனவரி முதல் நார்வே விதி போட்டிருக்கிறது.

அண்டார்க்டிகாவில் கணக்கு வேறு மாதிரி. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்க முடியாது. அதற்குக் குறைவான கப்பலும் ஒரு நேரத்தில் 100 பேரைத்தான் ஓரிடத்தில் இறக்கலாம். 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் ஒரு கப்பல்தான் நிற்கலாம்.

இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். கப்பலில் 95 பேர் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கி, மூன்று மணி நேரம் நிதானமாக நின்று பார்க்கலாம். 190 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் படகில், பிறகு மாற்றம். 400 பேர் என்றால் உங்கள் முறை முடிந்ததும் கிளம்பச் சொல்லும் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். விளம்பரத்தில் உள்ள படங்களைப் பார்க்கும் முன் இந்த ஓர் எண்ணைக் கேளுங்கள்.

3. எங்கெல்லாம் போறாங்க, எந்த மாசம் நல்லது?

அண்டார்க்டிக் தீபகற்பம், தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவு, ஸ்வால்பார்டு, கிரீன்லாந்து, கலாபகஸ், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி கரை, இந்தோனேசியாவின் ராஜா அம்பாட், சீஷெல்ஸின் அல்டாப்ரா என்று பட்டியல் நீளும். தென் துருவப் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஸ்வால்பார்டு பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை.

"நல்ல மாசம்" என்று ஒன்று கிடையாது. நவம்பரில் பனி மாசில்லாமல் இருக்கும், பென்குயின்கள் கூடு கட்டக் கல் திருடிக்கொண்டிருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள். பிப்ரவரி, மார்ச்சில் குடியிருப்பு முழுவதும் சேறும் எச்சமுமாக நாறும். ஆனால் திமிங்கிலங்கள் அப்போதுதான் அதிகம்.

4. கடல்ல குமட்டல் வருமா? டிரேக் பாசேஜ்னாலே பயமா இருக்கு.

வரலாம். தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் திறந்த கடல். காற்றைத் தடுக்க ஒரு துண்டு நிலம்கூடக் குறுக்கே இல்லை. கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். பனியில் போவதற்கு ஏற்ற கப்பல்களின் அடிப்பகுதி உருண்டையாக இருப்பதால், சில பெரிய கப்பல்களைவிட அதிகமாக உருளும்.

மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவரும் என்று கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டு வையுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவு. மாடிப்படியில் எப்போதும் ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். நான் பார்த்த எலும்பு முறிவுகளில் பாதிக்கு மேல் கப்பலுக்குள்ளேயே, கையில் காபிக் கோப்பையோடு நடந்தவர்களுக்கு வந்தவை.

5. எனக்கு வயசு 70, முழங்கால் கொஞ்சம் தகராறு. வரலாமா?

வயதைவிடப் படகில் ஏறி இறங்குவதுதான் கேள்வி. கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, அலையில் மேலும் கீழும் போகிற படகில் கால் வைக்க வேண்டும். படகோட்டியும் நீங்களும் உள்ளங்கையைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றிக்கொள்வீர்கள். கை வழுக்கினாலும் பிடி போகாது. கரையில் படகின் ஓரத்தில் உட்கார்ந்தபடி நகர்ந்து, காலைச் சுழற்றி, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்குவீர்கள். இதைச் செய்ய முடிந்தால் வரலாம். கரையில் நடக்க முடியாதவர்கள் படகிலேயே சுற்றிப் பார்க்கும் நாட்களும் உண்டு. சில சமயம் சிறுத்தை சீல் என்ற கடல் விலங்கைப் பார்ப்பவர்கள் அவர்கள் மட்டும்தான்.

உடல்நிலைப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பெரிய மருத்துவமனை பல நாள் தொலைவில் இருக்கும். ஒருவரை அவசரமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் எல்லோருடைய பயணமும் திரும்பும். அவசர வெளியேற்றத்துக்கான காப்பீடு இல்லாமல் ஏற விட மாட்டார்கள், அது சரிதான்.

6. பூட்ஸைக் கழுவு, பையை உதறுன்னு ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்தறாங்க?

நான் அதிகம் கோபப்படுவதும் அதிகம் மகிழ்வதும் இந்த வேலையில்தான். கரையிறங்கும் முந்தின நாள் எல்லோரும் பை, கால்சட்டை, கேமரா உறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருவார்கள். தூசி உறிஞ்சும் கருவி, தூரிகை, சாமணம், பல்குச்சி எல்லாம் மேசையில் இருக்கும். வெல்க்ரோ பட்டைதான் மோசம். ஒருமுறை ஓர் அம்மா தன் புத்தம் புதிய கையுறை என்று நீட்டினார். மணிக்கட்டுப் பட்டையின் கொக்கிகளுக்குள் புல் விதைகள் ஏழு, வரிசையாகச் சிக்கியிருந்தன. கடையில் வாங்கிய பிறகு ஒரே ஒரு நாள் வயல் வழியே நடந்தாராம். ஏழையும் ஒவ்வொன்றாக அவரே சாமணத்தால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை.

ஏழு விதையால் என்ன ஆகிவிடும் என்றால், அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் போவா அன்னுவா என்ற சாதாரணப் புல் மனிதர்களோடு வந்து வேர்விட்டுவிட்டது. அதைப் பிடுங்குவதற்கே தனித் திட்டம் தேவைப்பட்டது. தெற்கு ஜார்ஜியாவின் கதை இன்னும் பெரியது. சீல் வேட்டைக் கப்பல்களோடும் திமிங்கில வேட்டைக் கப்பல்களோடும் அங்கே எலிகள் வந்து இறங்கின. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா பிப்பிட் என்ற சிறு பாடும் பறவை, எலி எட்டாத குட்டித் தீவுகளில்தான் மிஞ்சியது. 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு தூவி, பல ஆண்டுகள் தேடிப் பார்த்து, 2018 மே மாதம் தீவு எலியற்றது என்று அறிவித்தார்கள். இப்போது கரையில் இறங்கினால் பிப்பிட் பாடுவது கேட்கிறது. ஒரு பைக்குள் ஒளிந்து ஒரு சினை எலி போனால் அத்தனையும் முதலிலிருந்து.

7. நான் கிட்டப் போகலை, பென்குயின் தானா என்கிட்ட வந்தா என்ன செய்யறது?

அப்படியே நில்லுங்கள். அண்டார்க்டிகாவில் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது உங்களுக்கான விதி, அதற்கு அந்த விதி தெரியாது. வழியில் குறுக்கிட்டால் போகும் உரிமை அதற்குத்தான். கடலுக்கும் கூட்டுக்கும் நடுவே பனியில் அவை நடந்து நடந்து பள்ளமான பாதை போட்டிருக்கும். அதில் நீங்கள் கால் வைத்தால் ஆழமான குழி விழும். குட்டைக் கால் பென்குயின் அதில் விழுந்து ஏற முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கால் பதிந்த குழியை மூடிவிட்டுப் போகச் சொல்வது அதனால்தான்.

மற்ற இடங்களில் தூரம் மாறும். கலாபகஸில் 2 மீட்டர். ஃபர் சீல் என்றால் 15 மீட்டர், அது நம்மைவிட வேகமாக ஓடி வந்து கடிக்கும். ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், கூட்டிலிருந்து எழுந்தால், நீங்கள் ஏற்கனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். 5 மீட்டர் அப்போது போதாது.

8. தரையில உட்காரக் கூடாது, பையை வைக்கக் கூடாதுன்னு புதுசா ஒரு விதி. எதுக்கு?

பறவைக் காய்ச்சலுக்காக. எச்5என்1 வகை வைரஸ் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பறவைத் தீவில் ஸ்குவா என்ற கடற்பறவைகளிடம் உறுதியானது. 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்திலும் கண்டுபிடித்தார்கள். இது பறவைகளோடு நிற்கவில்லை. 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானை சீல் குட்டிகள் 17,000க்கும் மேல் செத்துப்போயின.

எச்சத்திலும் சேற்றிலும் வைரஸ் இருக்கலாம். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கிக் கழுவிவிட முடியும். முழங்காலையும் பையையும் கேமரா முக்காலியையும் அப்படிக் கழுவ முடியாது. அதனால் பூட்ஸ் தவிர எதுவும் தரையில் படக் கூடாது. பயணிகள் இறங்கும் முன் நாங்கள் சிலர் மட்டும் போய்ப் பார்ப்போம். காரணமில்லாமல் செத்துக் கிடக்கும் பறவைகள், தள்ளாடுகிற ஸ்குவா, தலை நடுங்குகிற சீல் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே இறக்கம் இல்லை.

9. துருவக்கரடியைப் பார்க்கத்தான் ஸ்வால்பார்டு போறோம். 300 மீட்டர் தள்ளி நிறுத்தினா என்ன தெரியும்?

நல்ல தொலைநோக்கி இருந்தால் நிறையத் தெரியும். 2025 முதல் 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் என்பது அங்கே சட்டம், மீறினால் அபராதம். வசந்தத்தில் கூடுதல் தூரம் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கரடி ஆண்டு முழுவதற்குமான கொழுப்பைச் சேர்ப்பது அந்த மாதங்களில்தான். கடற்பனி மேல் சீலுக்காக மணிக்கணக்காகக் காத்திருக்கும். படகு நெருங்கி சீல் தண்ணீரில் குதித்துவிட்டால் அந்த வேட்டை போயிற்று. வெயில் காலம் நீண்டு பனி குறைந்துவருகிற இடத்தில் அது சின்ன நட்டம் இல்லை.

பழைய நாட்களில் நானும் இன்னும் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். கரடி எழுந்து நின்று மோப்பம் பிடித்து, எங்களை விட்டு விலகி நடந்தது. எல்லோரும் அருமையான படம் என்றார்கள். எங்களால் எழுந்த கரடியின் படம் அது. கடந்த பருவத்தில் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தாய்க்கரடி மல்லாந்து படுத்திருக்க, குட்டி அதன் வயிற்றின் மேல் ஏறி ஏறிச் சறுக்கியது. நாற்பது நிமிடம் பார்த்தோம். அது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

10. அவ்வளவு காசு கட்டிட்டு, கரையிறக்கம் ரத்துன்னா ஏத்துக்க முடியுமா?

ஏற்றுக்கொள்ள முடியாது என்று தோன்றினால் இந்தப் பயணம் வேண்டாம். இதைக் கடுமையாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொல்கிறேன். காற்று மாறினால், பனி விரிகுடாவை அடைத்தால், கரையில் நோய் இருந்தால் திட்டம் மாறும். உங்கள் சீட்டில் எழுதியிருப்பது உத்தேசப் பாதை மட்டும்.

திரும்பிப் போக முடிகிற கப்பல்தான் நல்ல கப்பல். பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சி இறக்கும் தலைவரோடு ஒரே ஒரு பருவம் வேலை பார்த்தேன், மறுபடி அந்தக் கப்பலில் ஏறவில்லை.

11. அண்டார்க்டிகா யாருக்கும் சொந்தமில்லையே, அப்ப இதையெல்லாம் யார் கேக்கறது?

1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தம் 1961இல் நடைமுறைக்கு வந்தது. 1991இல் எழுதி 1998 முதல் செயல்படுகிற சுற்றுச்சூழல் நெறிமுறை அங்கே கனிமம் தோண்டுவதைத் தடை செய்கிறது, எல்லாப் பயணங்களுக்கும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் மதிப்பீடு கேட்கிறது. நிறுவனம் எந்த நாட்டின் கீழ் வருகிறதோ அந்த நாட்டின் அனுமதி வேண்டும். பயணியின் பெயரில் தனி விசா என்று ஒன்று அங்கே இல்லை.

அன்றாட ஒழுங்கைப் பார்ப்பது ஐயாட்டோ என்ற நிறுவனங்களின் சங்கம். 1991இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த விரிகுடாவில் என்று பருவம் தொடங்கும் முன்பே அட்டவணை போட்டுவிடுவார்கள். அதனால்தான் இத்தனை கப்பல்கள் ஓடியும் நீங்கள் இன்னொரு கப்பலைப் பார்ப்பது அரிது. வட துருவத்துக்கு 2003இல் தொடங்கிய ஏகோ சங்கம் உண்டு. சங்கத்தில் சேராத கப்பலிலும் படகிலும் போகாதீர்கள். சங்க உறுப்பினர் என்பதே போதுமா என்றால் போதாது, அது வாசற்படிதான். கேள்வி 15ஐயும் பாருங்கள்.

12. கப்பல் பனியில மோதி மூழ்கினா?

நடந்திருக்கிறது. கேள்வி 1இல் சொன்ன லிண்ட்பிளாட்டின் கப்பல், பிறகு பல கை மாறி எக்ஸ்புளோரர் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் இடித்து மூழ்கிப்போனது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் சில மணி நேரம் நடுங்கிக் காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு பயணக் கப்பல் வந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது. கடலில் எண்ணெய்ப் படலம் பரவியது.

அங்கே மீட்புக் கப்பல் என்றால் பெரும்பாலும் பக்கத்து விரிகுடாவில் நிற்கும் சக கப்பல்தான். அட்டவணையைப் பகிர்ந்துகொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2011 ஆகஸ்ட் முதல் கன எரிஎண்ணெயை எடுத்துக்கொண்டு அண்டார்க்டிகக் கடலுக்குள் வரவே தடை. 2017 முதல் துருவக் கடல்களுக்கென்று தனி சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. கப்பலின் கட்டுமானம், உயிர்காப்புப் படகு, மாலுமிகளின் பயிற்சி எல்லாம் அதில் வரும்.

13. ட்ரோன் கொண்டு வரலாமா? ஒரே ஒரு கூழாங்கல் எடுத்துக்கலாமா?

இரண்டும் கூடாது. கல் உங்களுக்கு நினைவுப்பொருள், ஜென்டூ பென்குயினுக்கு அதுதான் வீடு. ஸ்வால்பார்டில் துருப்பிடித்த ஆணிகூட எடுக்கக் கூடாது, 1946க்கு முந்தைய மனிதத் தடயங்கள் எல்லாம் அங்கே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

14. ஆளுங்க வாழற ஊர்ல இறங்கும்போது எப்படி நடந்துக்கணும்?

கிரீன்லாந்தில் ஐம்பது பேர் வாழும் ஊரில் நூறு பேர் இறங்கினால் என்ன ஆகும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கப்பல் முன்கூட்டியே அந்த ஊரைக் கேட்டதா, ஊரார் வரச் சொன்ன நாளில்தான் வருகிறதா என்று விசாரியுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் பெரியவர்களிடம் கேளுங்கள். சன்னல் வழியே வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். வேட்டையாடிய சீல் கரையில் கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது அவர்கள் குடும்பத்தின் சாப்பாடு.

15. 'பசுமைக் கப்பல்', 'பாதுகாப்புப் பயணம்'னு எல்லாரும் போடறாங்க. எதை நம்பறது?

சொல்லை விட்டுவிட்டுக் கேள்வி கேளுங்கள். என்ன எரிபொருள்? கழிவுநீரை எங்கே, எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள்? எந்த ஆய்வு அமைப்புக்குக் கடந்த ஆண்டு எவ்வளவு கொடுத்தீர்கள், அந்தக் கணக்கை வெளியிட்டீர்களா? பயணிகளில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர்களில் அந்தக் கடலில் முன்பே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? திமிங்கிலங்கள் கூடும் இடத்தில் வேகத்தை மணிக்கு 10 கடல் மைலாகக் குறைக்கிறீர்களா? இரவில் கடற்பறவைகள் விளக்கில் மோதாமல் இருக்கத் திரைகளை மூடுகிறீர்களா? தெளிவான பதில் ஒரே நாளில் வந்தால் அவர்கள் அதைத் தினமும் செய்கிறார்கள் என்று அர்த்தம். பளபளப்பான கையேடு வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

மின்கல வசதியுள்ள கலப்பின எஞ்சின்கள் வந்திருக்கின்றன, வரவேற்கிறேன். ஆனால் மின்கலத்தில் மட்டும் கப்பல் ஓடுவது சிறிது நேரத்துக்குத்தான். கடலைக் கடப்பது இன்றும் எரிபொருளில்தான். கரடியைக் கட்டாயம் காட்டுவோம் என்று வாக்குக் கொடுப்பவர்களிடம் பதிவு செய்யவே செய்யாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற அவர்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை கேள்வி 9 சொல்கிறது.

16. பத்து சின்னக் கப்பல் வர்றதைவிட ஒரு பெரிய கப்பல் வர்றது மேல் இல்லையா?

கூர்மையான கேள்வி. எரிபொருளை மட்டும் எடுத்தால், ஒரு பயணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் சிறிய கப்பல் பல சமயம் அதிகம்தான் எரிக்கிறது. ஆனால் பெரிய கப்பலில் ஒரு விபத்து என்றால் ஆயிரக்கணக்கானோரை மீட்க அங்கே யாரும் இல்லை, சிந்தும் எண்ணெயும் அதிகம். கேள்வி 12இல் 154 பேருக்கு ஒரு கப்பல் போதுமானதாக இருந்தது.

கரையில் காலடி படுவதுதான் கவலை என்றால், யாரையும் இறக்காத பெரிய கப்பலின் பயணி புல் விதை எதையும் கொண்டுபோக மாட்டார். அந்த வகையில் அவர் என் பயணிகளைவிட மேல். எனவே சிறியது என்பதே தகுதி ஆகாது. இறங்குவதற்குக் கிடைத்த உரிமையை எவ்வளவு அடக்கத்தோடு பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சிறிய கப்பலின் நியாயம் இருக்கிறது.

17. இவ்வளவு தூரம் விமானத்துல பறந்து, டீசல் எரிச்சு, உருகற பனியைப் பார்க்கப் போறது. இதைப் போய்ப் பாதுகாப்புன்னு சொல்லலாமா?

உங்கள் பயணம் அந்தப் பனிக்கு நன்மை செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். செய்யவில்லை. 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, அண்டார்க்டிகாவில் கப்பல்கள் வந்து இறங்கும் இடங்களுக்கு அருகே பனியில் கரித்துகள் கூடுதலாகப் படிந்திருப்பதை அளந்து காட்டியது. கறுத்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சி வேகமாக உருகும். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பருவத்துக்கு ஏழாயிரம் பேர்கூடப் போகவில்லை. 2023–24 பருவத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவரும் விதிப்படி நடந்தாலும் லட்சம் பேர் என்பது லட்சம் பேர்தான்.

மறுபக்கமும் உண்மைதான். கலாபகஸில் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலர் ஆனது. அந்தப் பணம் பூங்காவுக்கும் தீவுகளின் நிர்வாகத்துக்கும் போகிறது. தெற்கு ஜார்ஜியாவில் எலிகளை ஒழித்த பணத்தில் பெரும்பகுதி நன்கொடையாக வந்தது, கொடுத்தவர்களில் அந்தத் தீவைக் கப்பலில் போய்ப் பார்த்தவர்கள் பலர். லிண்ட்பிளாட் நம்பியது அங்கே பலித்தது. ஆனால் போய் வந்தவர்கள் எல்லோரும் அப்படி மாறுவதில்லை. அடுத்து எந்தக் கண்டம் என்று கப்பலிலேயே பதிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், போவதென்றால் வாழ்நாளில் ஒருமுறை போங்கள், நீண்ட பயணமாகப் போங்கள், ஒரே இடத்தை நிதானமாகப் பாருங்கள். ஏழு கண்டங்களையும் எண்ணி முடிக்கப் போகாதீர்கள். போகாமலே அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கடற்பறவைப் பாதுகாப்புக்குக் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் நீங்கள் வந்திருக்கலாமே என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஏன் இன்னும் போகிறேன்? கப்பல்கள் எப்படியும் போகும். படகில் இருக்கும் ஒருவர் "இன்னும் கிட்ட" என்று சொல்லும்போது "போதும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தருவதில்லை.

18. பயணிகளும் ஆராய்ச்சிக்கு உதவலாம்னு சொல்றாங்க. உண்மையா, இல்ல பொழுதுபோக்கா?

சில பொழுதுபோக்கு, சில உண்மையான உதவி. ஆய்வுக் கப்பல்களுக்கு நாட்கள் குறைவு. பயணக் கப்பல்கள் அதே விரிகுடாவுக்குப் பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் போகின்றன. ஃபியோர்ட்ஃபைட்டோ என்ற திட்டத்தில் பயணிகள் வலை போட்டு நுண்பாசி மாதிரிகளை எடுக்கிறார்கள். பனியாற்று நீர் கலக்கும்போது அந்தப் பாசிகள் எப்படி மாறுகின்றன என்று பருவம் முழுவதும் தொடர்ந்து பார்க்க வேறு எளிய வழி இல்லை.

எனக்குப் பிடித்தது திமிங்கிலப் படம். கூன்முதுகுத் திமிங்கிலம் முங்கும்போது வால் மேலே எழும். அதன் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் குறிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு ஒன்று வேறு. அந்தப் படத்தை நாள், நேரம், இடத்தோடு ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றினால், முன்பே பதிவான திமிங்கிலங்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். வால் விளிம்பு முழுவதும் தெரிய வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. தெற்கு ஜார்ஜியாவில் மட்டும் 1904 முதல் 1965 வரை 1,75,000க்கும் மேற்பட்ட திமிங்கிலங்களை வெட்டிய கடல் இது. மிஞ்சியவற்றின் வழித்தோன்றல்கள் எங்கே போகின்றன, எத்தனை திரும்பி வருகின்றன என்று இப்போது ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.

மூன்று பருவங்களுக்கு முன், கேள்வி 5இல் சொன்ன மாதிரி கரையில் நடக்க முடியாமல் படகிலேயே இருந்த ஒருவர், தன் பழைய கேமராவில் ஒரு வாலைப் பிடித்தார். இடது மடலின் நுனி கடிபட்டு இல்லை, நடுவில் வெள்ளைக் கீற்று. சென்ற மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அதே திமிங்கிலத்தைக் கொலம்பியக் கரையோரம் யாரோ பார்த்திருக்கிறார்களாம், பக்கத்தில் ஒரு கன்றோடு.